பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

கண்ணை மூடியாயிற்று. இனி ஒன்பது பேரும் ஜெபித்து முடிக்கிறவரை யாரும் திறக்கக் கூடாது. நான் திறப்பேன், ஒரு கண்ணை மட்டும், முக்காட்டுக்குள்ளிருந்து, இத்தனை வருஷமாக அப்படித்தான், யார் தூங்கி விழுகிறாள், யார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போனதில்லை. புதன்கிழமை நாலு மணிக் கூட்டம், எங்கள் சபைப் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவது, இந்த வாரம் சுகந்தி வீடு. சங்கிலி ஜெபம். ஒருத்தி ஆமென் சொன்ன கையோடு பக்கத்தில் இருக்கிறவள் பிடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் இடைவெளி விழுந்தால் டெய்சி டீச்சருக்குப் பிடிக்காது, வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி வரிசையாக வர வேண்டும் அவளுக்கு. ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு பிரித்துக் கொடுத்தாள். தேசத்துக்காக ரூபி, மழைக்காக ரூபியின் மாமியார், குருவானவர் குடும்பத்துக்காக ஒருத்தி, வியாதியஸ்தர்களுக்காக ஒருத்தி. கடைசியில் என் பக்கம் திரும்பி, "முடிவு ஜெபம் எமீமாள் அக்கா. ஷைனி கல்யாணத்துக்கு நல்லா ஜெபிச்சு முடிச்சிருங்கக்கா. நீங்க ஜெபிச்சாத்தான் எங்களுக்கும் ஜெபிச்ச மாதிரி இருக்கும்" என்றாள். ஷைனி சுகந்தியின் மகள். இன்னும் பதினெட்டு நாளில் கல்யாணம். சுகந்தி என் இடப்பக்கம் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் முழங்கால் என் முழங்காலில் இடிக்கிறது, டெய்சி அதைச் சொன்னதும் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டாள். ஒன்பதாவது ஆள் நான். எனக்கு முன்னால் எட்டு ஆமென் இருக்கிறது. எட்டு ஆமெனுக்குள் அந்தப் பிள்ளையை என்னால் மனசார வாழ்த்த முடியுமா என்று பார்க்க வேண்டும். வாயால் வாழ்த்துவது பெரிய காரியம் இல்லை, வாய் எனக்கு எப்போதும் தயாராக இருக்கும்.

டெய்சி முடித்துவிட்டாள். ஒன்று போயிற்று. ரூபி தேசத்தைக் கையில் எடுத்திருக்கிறாள், இனி டில்லி வரை போய்த்தான் திரும்புவாள். ரூபியின் ஜெபத்தில் ஆண்டவருக்குச் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு தொனி இருக்கும், "நேத்து சாயங்காலம் நடந்த விபத்தை நீர் அறிவீர் ஆண்டவரே, லாரி எதிரே வந்ததை நீர் அறிவீர்" என்பாள், அறிந்தவருக்கு எதற்கடி இத்தனை விவரம் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும். என் ஜெபம் அப்படி இல்லை. என் ஜெபத்தில் ஒரு ஏற்றம் உண்டு, ஒரு இறக்கம் உண்டு, அழ வேண்டிய இடத்தில் குரல் தானாகக் கம்மும், மூன்று தடவை "அப்பா" என்பேன், மூன்றாவது அப்பாவில் யாராவது ஒருத்தி விசும்புவாள். பழைய குருவானவர் ஒரு தடவை என்னிடம், "அம்மா ஜெபத்துக்கு அப்புறம் நான் பிரசங்கம் பண்ணக் கூச்சமா இருக்கு" என்றார். அதைப் பதினோரு வருஷமாக மனசுக்குள் மடித்து வைத்திருக்கிறேன், பட்டுப்புடவையை எடுத்துப் பார்க்கிற மாதிரி அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். சுகந்திக்கு ஜெபிக்கவே வராது. இரண்டு வரி. "எல்லாரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே, எங்களையும் ஆசீர்வதியும், ஆமென்." சில நாள் நடுவில் சிரித்துவிடுவாள். ஆசிரியப் பயிற்சியில் நானும் அவளும் ஒரே அறை, எனக்கு அவள் மூன்று வயது இளையவள், ஊரிலிருந்து வரும் முறுக்கு டப்பாவை வந்த அன்றைக்கே காலி பண்ணிவிட்டு என் டப்பாவுக்கு வந்துவிடுவாள், நான் காலையில் நாலரைக்கு எழுந்து முழங்கால் போட்டு ஜெபிப்பேன், அவள் போர்வைக்குள்ளிருந்து, "அக்கா, எனக்கும் சேத்து ஜெபிச்சிருங்க" என்பாள். ஜெபித்தேன். அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். நான் ஜெபிக்கிறேன், அவளுக்குக் கிடைக்கிறது, தபால்காரர் வீடு மாறிப் போட்டுவிட்டுப் போகிற மாதிரி. அவளுக்கு முதல் வருஷமே வேலை, எனக்கு நாலு வருஷம் கழித்து. அவளுக்குக் கலகலப்பான புருஷன், என் வீட்டில் இருக்கிறவர் நல்லவர், ஆனால் தினத்தந்தியைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. அவள் வீட்டு முற்றத்துக் கறிவேப்பிலைகூட என் வீட்டில் பிடிக்கவில்லை, மூன்று கன்று வாங்கிப் போய் வைத்தேன், மூன்றும் பட்டுப்போயிற்று. கறிவேப்பிலைக்குப் பொறாமைப்படுகிறவள் உண்டா உலகத்தில்? உண்டு, இங்கே முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆமென். ரூபி டில்லியிலிருந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது.

மழைக்காக ரூபியின் மாமியார். இந்த அம்மாள் குரல் மேலே மின்விசிறி சத்தத்துக்கு அடியில் போய்விடுகிறது, ஒன்றும் கேட்கவில்லை, ஆண்டவருக்குக் கேட்டால் சரி. சமையலறையிலிருந்து ஏலக்காய் வாசனை வருகிறது, கேசரி கிண்டி மூடி வைத்திருக்கிறாள், அடிப்பிடித்த வாசனையும் கொஞ்சம் சேர்ந்து வருகிறது, சுகந்தி கிண்டினால் அடிப்பிடிக்காமல் இருக்காது, அதையும் எல்லோரும் சுரண்டித் தின்றுவிட்டு நல்லா இருக்கு என்பார்கள். எனக்கு முழங்கால் வலிக்கிறது. நாற்காலியில் உட்காரச் சொன்னாள் டெய்சி, நான்தான் வேண்டாம் என்றேன், தரையில் உட்கார்ந்து ஜெபிக்கிறவள் என்ற பேர் எனக்கு உண்டு, அதை முழங்காலுக்காக விட்டுக்கொடுக்க மனசில்லை. பாரேன், தரையில் உட்காருவதில்கூட ஒரு பெருமை. போன ஞாயிற்றுக்கிழமை ஷைனிக்கு முதல் ஓலை வாசித்தார்கள். ஆராதனை நடுவில் குருவானவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு நின்று, இன்னாருடைய குமாரன் இன்னாருக்கும் இன்னாருடைய குமாரத்தி இன்னாருக்கும் திருமணம் செய்ய நிச்சயித்திருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம், இது முதல் தரம் என்று வாசிப்பார். மூன்று ஞாயிறு அப்படி வாசித்தால்தான் கல்யாணம். ஷைனி பேரை வாசித்ததும் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு, எல்லோரும் சுகந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள், அவள் வெட்கப்பட்டு பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் என் மகள் பேரைப் போட்டு வாசித்துப் பார்த்தேன். மனசுக்குள்தான். செல்வராஜ் எமீமாள் தம்பதியின் குமாரத்தி பெனிட்டா ஞானமலர். பெனிட்டா ஞானமலருக்கும், அப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் எந்தப் பேரை வேண்டுமானாலும் போடும் ஆண்டவரே, நல்ல பையனாக இருந்தால் போதும், கறுப்பா சிவப்பா என்று பார்க்க மாட்டேன், எந்த ஊர் என்று கேட்க மாட்டேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம் அந்தப் பேரை அந்த மேடையிலிருந்து சத்தமாக வாசிக்கக் கேட்டுவிட்டால் போதும் எனக்கு.

முப்பத்துமூன்று முடிந்துவிட்டது பெனிட்டாவுக்கு. ஆறு வருஷமாக இந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு புதனும் டெய்சி டீச்சர் தன் நோட்டுப் புஸ்தகத்தைப் பார்த்து, "பெனிட்டாவின் திருமண காரியம்" என்று வாசிக்கிறாள், மழைக்கு அடுத்து, வியாதியஸ்தர்களுக்கு முன்னால். வாசிக்கிறவளுக்கும் சுரணை இல்லை, கேட்கிறவர்களுக்கும் இல்லை. போன மாதம் ஒரு வாரம் டெய்சிக்கு மறந்துபோயிற்று, யாரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் வாய் திறக்கவில்லை, வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பெனிட்டா சென்னையில் வேலை பார்க்கிறாள். நல்ல வேலை. போனில் ஒரு நாள், "அம்மா, எனக்காக ஜெபிக்கிறத கொஞ்ச நாள் நிறுத்துங்களேன்" என்றாள், கோபமாகக்கூட இல்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்கிற டாக்டர் மாதிரி சொன்னாள். "ஏட்டி அப்படிச் சொல்லுத?" என்றேன். "ஒவ்வொரு வாரமும் எம் பேர அங்க வாசிக்காவ, நான் என்னமோ தீராத வியாதிக்காரி மாதிரி இருக்கும்மா" என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, இன்றைக்கு இப்போது இந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து யோசிக்கிறபோது அவள் எங்கே சாப்பிடுகிறாள், சாயங்காலம் அறைக்கு வந்தால் யாரோடு பேசுகிறாள் என்று நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று ஞாபகம் வரவில்லை. கல்யாணம் கல்யாணம் என்றே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அவள் தலையைப் பிடித்து எண்ணெய் தேய்த்துவிட வேண்டும்போல் இருக்கிறது. ஆமென், இது யாருடைய ஆமென், நாலாவதா ஐந்தாவதா? குருவானவர் குடும்பம் முடிந்துவிட்டதே. வியாதியஸ்தர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

வியாதியஸ்தர்கள் என்றதும் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொள்கிறேன். இந்த இடம் வரக் கூடாது என்றுதான் கறிவேப்பிலையையும் கேசரியையும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில் ஒரு புதன்கிழமை. ரூபி வீட்டில் கூட்டம். சுகந்தி அன்றைக்கு வரவில்லை, ஷைனிக்கு ஒரு இடம் பேசி முடிகிற நிலையில் இருந்தது, மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, முடிஞ்ச மாதிரிதான்க்கா, நல்ல மனுஷங்க" என்று என் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சொன்னாள், நான் தோசை மாவு கரைத்துக்கொண்டே, "ஸ்தோத்திரம்" என்றேன். ராத்திரி முழுக்க வயிறு எரிந்தது, ஜெலுசில் குடித்தேன், அது ஜெலுசிலில் தீருகிற எரிச்சல் இல்லை. பெனிட்டாவைவிட ஆறு வயது சின்னவள் ஷைனி. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். பதினைந்து வயதில் அவளுக்கு மூன்று தடவை வலிப்பு வந்தது. முதல் தடவை வந்தபோது ஆஸ்பத்திரியில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான், அவள் அப்பா வெளியூரில், சுகந்தி சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள், "அக்கா, இது நமக்குள்ளயே இருக்கட்டும்க்கா, பொம்பளப் பிள்ளை" என்றாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். மாத்திரையில் சரியாகிவிட்டது, அதற்கப்புறம் வரவே இல்லை. பதினோரு வருஷம் நான் மூச்சுவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு ரூபி வீட்டில் டெய்சி டீச்சர், "வேற ஜெபக்குறிப்பு யாருக்காவது இருக்கா?" என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமினேன். இப்போதும் அந்தச் செருமல் காதில் கேட்கிறது. "பேர் வேண்டாம் டீச்சர். நம்ம சபைப் பிள்ளைதான். இஞ்சினியருக்குப் படிச்சிருக்கு. சின்ன வயசிலயிருந்தே வலிப்பு இருக்கு, மாத்திரை சாப்பிடுது. இப்ப ஒரு நல்ல காரியம் கூடி வருது. அந்த வியாதியினால தடை வராம கர்த்தர் தொடணும்." அவ்வளவுதான். ஆறு வாக்கியம். பேர் சொல்லவில்லை. எங்கள் சபையில் இஞ்சினியருக்குப் படித்து இடம் கூடி வருகிற பெண்பிள்ளை ஒருத்திதான் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டு ஊர்க்காரி ஒருத்தி என் எதிரே உட்கார்ந்து "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டினாள் என்பதும் தெரியும். அப்புறம் எல்லோரும் கண்ணை மூடினோம். நான் அழுது ஜெபித்தேன். அது பொய் அழுகைகூட இல்லை, அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை, உண்மையாகவே அந்தப் பிள்ளைக்காக அழுதேன், அதே வாயால் அவளை விற்றுவிட்டு.

இரண்டு வாரத்தில் அந்த இடம் பேச்சு மூச்சில்லாமல் போயிற்று. போனை எடுக்கவில்லை, பிறகு மூத்த பையனுக்கு முடித்துவிட்டுத்தான் பார்ப்போம் என்றார்கள், மூத்த பையனே கிடையாது அந்த வீட்டில். சுகந்தி என் வீட்டுக்கு வந்து என் மடியில் தலை வைத்து அழுதாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். "யாரோ சொல்லிருக்காவ அக்கா" என்றாள். "கர்த்தர் இதைவிட நல்ல இடமா வச்சிருப்பார்" என்றேன். அந்தக் கணத்தில் எனக்குள் என்ன இருந்தது என்று சொல்லட்டுமா, வேறு யாருக்கும் கேட்காது இப்போது, சொல்கிறேன் ஆண்டவரே. ஒரு நிம்மதி இருந்தது. பல்வலி நின்ற மாதிரி. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அப்படித் தூங்கவில்லை. அவள் நல்லா இருந்தால் என்னால் தாங்க முடியவில்லை, அவள் அழுதால் அதைவிடத் தாங்க முடியவில்லை, இப்படி ஒரு ஜென்மம். பழைய மாதிரி அவளோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா, அவள் பக்கத்திலேயே இருக்கிறாள், முழங்கால் இடிக்கிறது, ஒரு வருஷமாக அவள் எங்கேயோ இருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் புது இடத்தைப் பற்றியும் முதலில் என்னிடம்தான் வந்து சொன்னாள். "அக்கா, ஷைனி அந்தப் பையன்ட்ட அவளே எல்லாத்தையும் சொல்லிட்டாக்கா. வலிப்பு வந்தது, மாத்திரை, எல்லாம். அவன் சரின்னுட்டான். சொந்தக்காரங்களுக்கு மட்டும் இப்ப தெரிய வேண்டாம்னு அவந்தான் சொல்லிருக்கான். ஒங்களுக்கு மட்டும்தான் சொல்லுதேன்." எனக்கு மட்டும். திருடன் கையில் மறுபடியும் சாவி.

ஆறு ஆமென் போய்விட்டது. ஏழாவது, சுகந்திக்கு அந்தப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அம்மாள், மாப்பிள்ளையின் அத்தை, தூத்துக்குடியிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களைச் சுகந்தி கூட்டத்திலும் உட்காரவைத்துவிட்டாள். அந்த அம்மாள் நிதானமாக ஜெபிக்கிறார்கள், கல்லுக்கல்லாக எடுத்து வைக்கிற மாதிரி. எனக்கு நேரம் இல்லை. ஒன்று செய்யலாம். என் முறை வரும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். இத்தனை பேருக்கு முன்னால். "அப்பா, நான் பாவி, என் சிநேகிதியின் பிள்ளைக்கு விரோதமாக நாவினால் பாவம் செய்தேன்" என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வரும், முதல் அப்பாவில் குரல் கம்மும், மூன்றாவது அப்பாவில் நெற்றியை ஜமுக்காளத்தில் வைத்துவிடுவேன், டெய்சி டீச்சர் ஓடிவந்து தூக்குவாள், சுகந்தி கட்டிப்பிடிப்பாள், எல்லோரும் அழுவார்கள், வீட்டுக்குப் போகிற வழியில் ரூபி தன் மாமியாரிடம், "எமீமாள் பெரியம்மாக்கு என்ன ஒரு தாழ்மை பாத்தீங்களா அத்தை" என்பாள். அடுத்த ஞாயிறு குருவானவர் காதுக்குப் போகும். இதோ, மனசுக்குள் ஒரு இனிப்பு ஊறுகிறது. அழுகை வருகிற இடத்தில் இனிப்பு எதற்கு ஊறுகிறது? பாவ அறிக்கையிலும் மாலை வாங்கிப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறேனே. அதுகூடப் பரவாயில்லை, என்ன விரோதம், என்ன பாவம் என்று யாராவது கேட்க மாட்டார்களா? நான் சொல்லாவிட்டாலும் போன வருஷம் ரூபி வீட்டில் இருந்தவர்களுக்கு ஞாபகம் வந்துவிடாதா? அத்தைக்காரி காதில் அது விழ எவ்வளவு நேரம் ஆகும்? பேர் சொல்லாமல் ஒரு தடவை அந்தப் பிள்ளையை விற்றேன், பாவ அறிக்கை என்ற பேரில் இரண்டாவது தடவை விற்கப் போகிறேன். எனக்குப் பாரம் இறங்க வேண்டும் என்பதற்காக. வாயை மூடு எமீமாள். ஒரே ஒரு தடவையாவது வாயை மூடு.

"எல்லாரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே. எம் பிள்ளையையும் எமீமாக்கா பிள்ளையையும் ஆசீர்வதியும். ஆமென்." சுகந்திதான். இரண்டே வரி. அதில் ஒன்றில் என் பெனிட்டா இருக்கிறாள். டெய்சி நோட்டைப் பார்த்து வாசித்தது இல்லை, குறிப்பு கொடுத்ததும் இல்லை, தன் பிள்ளை பேரோடு சேர்த்து அவளாகச் சொல்கிறாள், எத்தனை புதனாக இப்படிச் சொல்கிறாளோ, நான் அவள் எப்போது முடிப்பாள், எப்போது என் முறை வரும் என்றே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என் முறை வந்துவிட்டது. சங்கிலி என் கையில் நிற்கிறது. மின்விசிறி சுற்றுகிறது. வாயைத் திறந்தால் அந்தப் பழைய ஏற்ற இறக்கமெல்லாம் வரிசையில் தயாராக நிற்கிறது, ஒன்றையும் எடுக்கவில்லை. "ஆண்டவரே, ஷைனி நல்லா இருக்கட்டும்" என்றேன். என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "அந்தப் பையனும் நல்லா இருக்கட்டும். அவங்க வீடு நல்லா இருக்கட்டும்." அவ்வளவுதான் இருந்தது உள்ளே. ஆனால் அது இருந்தது. தேடிப் பார்த்தேன், அடியில் எரிச்சலும் இருந்தது, அது போகவில்லை, அதற்கு மேலே இதுவும் நிஜமாக இருந்தது, அவள் நல்லா இருக்கட்டும், காலைப் பிடித்துக்கொண்டு நின்றேனே அந்தப் பிள்ளை, நல்லா இருக்கட்டும். "ஆமென்" என்றேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். டெய்சி டீச்சர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், மாப்பிள்ளையின் அத்தை இரண்டையும் திறந்தார்கள். பிறகு எல்லோரும் அவசர அவசரமாக ஆமென் சொல்லி, முக்காட்டை எடுத்து, பாட்டுப் புஸ்தகங்களை மூடினார்கள். ரூபி தன் மாமியாரைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்தது. முப்பத்துமூன்று வயதுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறவள், அடுத்தவள் பிள்ளைக்கு மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள், வயிற்றெரிச்சல், ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை. அதுதான் அந்தப் பார்வை. வாழ்க்கையில் முதல் தடவையாக வயிற்றெரிச்சலை மீறி நான் பண்ணின ஜெபத்துக்கு இந்தப் பேர். சொல்லிவிட வேண்டும்போல் நாக்கு துறுதுறுத்தது, தொண்டை சரியில்லை என்றாவது சொல்லலாம், எல்லோரும் நம்புவார்கள். சொல்லவில்லை. நினைத்துவிட்டுப் போகட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனேன்.

சுகந்தி டம்ளர்களைப் பரப்பிக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா? சுருக்கா முடிச்சிட்டீங்க" என்றாள், திரும்பாமல். கேசரி கரண்டியை என் கையில் கொடுத்தாள். நான் அதைக் கீழே வைத்தேன். கதவை ஒருக்களித்தேன். "சுகந்தி, போன வருஷம் அந்த இடம் போச்சுல்லா, அது நான் சொல்லித்தான் போச்சு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஹாலுக்குக் கேட்காமல். ரூபி வீடு, ஜெபக்குறிப்பு, அந்த ஊர்க்காரி, எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்றும் சொன்னேன், பொறாமையில் என்று, அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை, ஒரு டம்ளர் நிறைந்து வழிந்து மேடையில் ஓடியது, அப்புறம்தான் பாத்திரத்தை வைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

"நான் ஷைனிதான் வாய விட்டுட்டான்னு நெனச்சேன்" என்றாள். "காலேஜ் கூட்டாளி ஒருத்தி அந்த ஊருக்காரி, அவட்ட சொல்லிருப்பான்னு. அவள அடிச்சேன்க்கா. இருபத்தாறு வயசுப் பிள்ளைய. நான் சொல்லலம்மா, சொல்லலம்மான்னு அழுதா. பொய் சொல்லாதட்டின்னு மறுபடியும் அடிச்சேன். இப்பவரைக்கும் நான் நம்பல."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள், நான் மன்னிப்பு என்று ஆரம்பிப்பதற்குள். "அவ ரூம்லதான் இருக்கா." தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். "டீச்சர், சீனி போதுமான்னு பாத்துச் சொல்லுங்க" என்று அவள் குரல் வந்தது, எப்போதும் போலவே.

ஷைனி கட்டிலில் இரண்டு புடவைகளை விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க பெரியம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. அத்தைக்கு இந்தப் பச்சை பிடிச்சிருக்கு, எனக்கு அரக்கு. நீங்க சொல்லுங்க" என்றாள். கதவைச் சாத்திவிட்டுச் சாத்தின கதவிலேயே சாய்ந்து நின்றேன். கட்டிலில் உட்காரத் தைரியம் இல்லை. "போன வருஷம் ஒங்க அம்மா ஒன்ன அடிச்சாளே ஷைனி, அது எனக்கு விழ வேண்டிய அடி" என்றேன். மீதியையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் என்னைக் கேள்வி கேட்பாள், ஏன் பெரியம்மா என்பாள் என்று நினைத்தேன், அதற்குப் பதிலும் அழுகையும் தொண்டையில் வைத்திருந்தேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"இப்பதான் சொல்லிட்டு வாரேன்."

அவள் புடவை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ, நான் சொல்லலைன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள், இன்னும் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு எழுந்து, கதவுப் பக்கம் வந்து, நான் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். நான் விலகினேன். கதவைத் திறந்துகொண்டு அவள் அம்மாவிடம் ஓடினாள்.